ஓடையில் கிடைத்த கோடரி

"ஆதிமனுஷன் கோடரிதானே சார்? இவதான் ஓடையில பொறுக்கினா."

அவள் கணவருக்குப் பேப்பரில் படம் வரும் கனவு. அருங்காட்சியக அதிகாரி கல்லை லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மனுஷக் கை செதுக்கினதுதான். ஆனா பழசா இருந்தா வெட்டுல நிறம் ஏறியிருக்கும். இது புதுசு, மிஞ்சிப்போனா அம்பது வருஷம் இருக்கும். யாரோ சின்னப் பசங்க விளையாட்டாத் தட்டியிருக்காங்க. தட்டியிருக்கிற பக்கத்தைப் பார்த்தா இடதுகைக்காரப் பையன் போல."

"போச்சுடா!" கணவர் தலையில் கைவைத்தார். "தூக்கிப் போடும்மா."

அவள் கல்லை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பழசா இருந்திருந்தா இங்கேயே குடுத்துட்டுப் போகணுமேன்னு பயந்துட்டேன் சார். எங்க அண்ணன் இடதுகைக்காரன். மான் அடிக்கப் போறேன்னு அந்த ஓடையில கல்லைத் தட்டிக்கிட்டே இருப்பான். சின்ன வயசுலயே போயிட்டான். அவனோட போட்டோகூட எங்ககிட்ட இல்லை."