முகமூடி கழற்றும் நேரம்

முரசு ஒலித்துவிட்டால் அவ்வளவுதான், எவன் என்று இனி ஜென்மத்துக்கும் தெரியாது. வடகடலின் அந்தச் சின்னத் தீவில் வருஷத்துக்கொரு நாள் ஆறு ஆண்கள் ஆட்டுத்தோல் முகமூடி மாட்டிக்கொண்டு, எதிர்ப்படும் பெண்களை மாட்டுக்கொம்பால் அடித்தபடி ஓடுவார்கள். கடைசியில் பெண்களே கைகோத்து அவர்களைச் சுற்றி வளைத்து, வெளிப்பக்கம் பார்த்து நின்று, முரசு ஒலித்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். உள்ளே முகமூடிகள் கழலும்; ஆறு பேரும் ஊரோடு ஊராகக் கலந்துவிடுவார்கள்.

இந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வீப்கேயின் தங்கை ஃபென்யா மண்டை பிளந்து கிடக்கிறாள். காயத்துக்குள் உடைந்த கொம்பின் நுனி இருந்தது.

உதவிக்கு ஆள் வரும் படகு இன்னும் பாதிக் கடலில். வீப்கே தனியாக வளையத்தில் முட்டி மோதினாள். ஒரு கைகூட விலகவில்லை.

"ஏம்மா போலீசு, ஆம்பளை முகம் பாக்க அவ்வளவு ஆசையா?" என்றாள் பேக்கரிக்காரி கேர்டா. சுற்றிலும் சிரிப்பு.

அவள் பக்கத்தில் கைகோத்து நின்றிருந்தது வீப்கேயின் அம்மா.

"அம்மா, ஃபென்யா பிழைப்பாளான்னே தெரியல. உடைஞ்ச கொம்பு யார் கையில இருக்குன்னு ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரும்மா. உன் கால்ல விழறேன்."

முரசு ஒலித்தது. இருநூறு பெண்கள் கண்ணை மூடினார்கள். அம்மா மட்டும் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

மறுபடி இந்தப் பக்கம் திரும்பிய முகத்தில் ரத்தமே இல்லை. கேர்டாவின் கையை முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா? சொல்லு, யாரு?"

"நான் கண்ணைத் தொறக்கவே இல்லடி" என்றாள் அம்மா, மகளை வெறித்துப் பார்த்தபடி.