மிச்சமான போல்ட்

பதினாறு வருஷமாகக் கேட்டும், முழுசாக நம்ப முடியாமலே போன கதை இது. சொன்னவர் வேன்காரர். பொய் சொல்ல வராது அவருக்கு. ஆனாலும் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எங்கேயோ இடிக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணி. ஒர்க்‌ஷாப் வாசலில் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பா மேல் வேன்காரர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று பேர்தான். நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாலு நோயாளிகளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நாலு பேருக்குமே கிட்னி வேலை செய்யவில்லை. ரத்தம் சுத்தம் பண்ணியாக வேண்டிய நாள். "வண்டி வந்துரும்" என்று நாலு வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. வண்டியோ வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது.

"மேஸ்திரி, முடிஞ்சிருமா?"

"பத்தாவது தடவை கேக்கறீங்க. பதில் சொல்ற நேரத்துல நாலு போல்ட் முறுக்கியிருப்பேன்."

புது கேஸ்கட் வைத்து, சிலிண்டர் ஹெட்டை அதன் மேல் இறக்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார் மேஸ்திரி. மூன்று சுற்று. முறுக்கு சரியாக விழும்போதெல்லாம் ரெஞ்ச் 'டிக்' என்றது. பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவர் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. நாற்பதை நெருங்குகிற, சத்தமே இல்லாத மனிதர்.

அடுத்தது டைமிங் செயின். மேலேயும் கீழேயும் இருக்கிற பல்சக்கரங்களின் குறி, செயினில் இருக்கிற குறியோடு அச்சாகப் பொருந்த வேண்டும். ரெண்டு பல் தள்ளி விழுந்தால் போதும், சாவியைத் திருப்பியதும் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அதோடு இன்ஜின் காலி.

மேஸ்திரி மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்து மாட்டினார். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. வெளி ஆட்கள் முன்னால் அதைப் போட அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"மச்சான், மூடுறதுக்கு முன்னாடி கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்துடலாமா?"

"ஏன், நான் மாட்டினதுல சந்தேகமா? உங்கக்காவைக் கட்டின நாள்லேர்ந்து உன்னை வெச்சு மேய்க்கிறேன். எனக்கே பாடம் எடுக்கறியா?"

வேன்காரரும் சேர்ந்துகொண்டார். "மேஸ்திரிக்குத் தெரியாததாங்க? மூடுங்க, நேரமாகுது."

மச்சினன் மூடியை எடுத்துக் கொடுத்தார். இன்ஜினின் முன்பக்க மூடியும் ஏறியது. எல்லாம் முடிந்து மேஸ்திரி சாவியைக் கையில் எடுத்தார்.

"மச்சான்..."

"இப்ப என்னடா?"

"தட்டுல ஒரு போல்ட் மிச்சம் கிடக்கு."

மேஸ்திரி சாவியைக் கீழே வைத்தார்.

"எங்க மாட்ட வேண்டியது?"

"உள்ள... செயின் பக்கத்துல மாட்டுறதுன்னு நினைக்கிறேன். எடுத்துக் குடுக்க மறந்துட்டேன் போல."

மேஸ்திரி கையிலிருந்த துணியை அவர் முகத்திலேயே வீசினார். "சோத்தைத் திங்க மறப்பியாடா? அது மட்டும் மறக்காதே!"

"கழுத்துக்கு மேல இருக்கிறதையும் கழட்டி வெச்சா மறந்துட்டுத்தான் போவீங்க!" என்று வேன்காரரும் தன் பங்குக்குக் கத்தினார். "நாலு உசுருங்க! விளையாட்டா இருக்கா?"

"தப்புதாங்க" என்றார் மச்சினன். அவரே ஸ்பானரை எடுத்து மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

மூடி வந்தது. எட்டிப் பார்த்த மேஸ்திரி அப்படியே நின்றார். மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி பார்த்தார்.

"என்ன மேஸ்திரி?"

"செயின்... ரெண்டு பல்லு தள்ளி இருக்கு."

"சாவியைத் திருப்பியிருந்தா?"

மேஸ்திரி சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

செயினைச் சரியாக மாட்டி, கையாலேயே ரெண்டு சுற்று சுற்றி, குறிகளைச் சரிபார்த்து, ஒரு போல்ட் இடமும் காலி விடாமல் மறுபடி மூடும்போது ஏழரை மணி. முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. மறுநாள் ஆறு மணிக்கு நாலு பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி கிளம்பும்போதே வேன்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். "மேஸ்திரி, ஏதோ அதிர்ஷ்டம் காப்பாத்திருச்சு. ஆனா இந்த ஆள் இனிமே என் வண்டியில கை வைக்கக் கூடாது. இன்னிக்கு போல்ட்டை மறந்தவர் நாளைக்கு பிரேக்கை மறப்பார்."

மேஸ்திரி தரையைப் பார்த்தபடியே மச்சினனிடம், "நாளைலேர்ந்து நீ வர வேணாம்" என்றார்.

"சரி மச்சான்."

கையைத் துடைத்துக்கொண்டு போனவர்தான்.

இதைச் சொல்லி முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் வேன்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். "ஒரு மறதிக்காரன் மறந்ததால என் இன்ஜின் பொழச்சுது பாருங்க! எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம்!"

போன வாரம் சிரித்து முடித்தவர், வண்டிக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு சின்ன போல்ட்டை எடுத்துக் காட்டினார்.

"இதுதாங்க அது. அன்னிக்கு எல்லா வேலையும் முடிஞ்சு கிளம்பறப்ப தட்டுலயே கிடந்துச்சு. ராசியான போல்ட்டாச்சேன்னு எடுத்து வெச்சுக்கிட்டேன்."

அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கடைசியில் கேட்டே ஆகவேண்டியிருந்தது.

"ஒண்ணு விடாம மாட்டி மூடின பிறகும் இது மிச்சம்னா, அன்னிக்கு அந்த மனுஷன் மறந்தது எதைண்ணே?"