மேஸ்திரியின் கை

"மேஸ்திரி எல்லாரையும் வாயாலதான் கூப்புடறான் சார். என்னிய மட்டும் நாய வெரட்டற மாதிரி கையாலதான். ரெண்டு வர்சமா!"

"மெதுவா பேசுப்பா, காது கிழியுது" என்றார் கம்பெனி ஆபீசர் தேவப்பிரியம்.

அது 1951. கப்பல் வந்தால் ராயபுரமே புழுங்கலரிசி வாசனை அடிக்கும் காலம். நான் கப்பலில் மூட்டை தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டினேன். மேஸ்திரி நீலமேகம் சொன்னால்தான் மூட்டையை இறக்கலாம். மற்ற வின்ச்காரர்களுக்கு "ஆரியா!" என்று குரல் கொடுப்பான், இறக்கு என்று அர்த்தம். எனக்கு மட்டும் கையாட்டல்.

தேவப்பிரியம் அமெரிக்காவில் படித்தவர். கறாரானவர். போன மாதம்தான் கண் மங்கிய சிலுவைமுத்துவை வின்ச்சிலிருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். சரக்குக் கொட்டகையில் அவர் மேஜைமேல் ஒரு மீசைக்காரர் படம் இருக்கும். நீலமேகமும் ஆட்களும் சுற்றி நிற்க, அதைக் காட்டினார்.

"இவர் பெரிய தத்துவ வாத்தியார். செத்து இருபது வருஷமாச்சு. இருந்தவரைக்கும் ஒரு புஸ்தகம் போடலை. பாடம் கேட்ட பசங்க எழுதி வெச்சதுதான் புஸ்தகமாச்சு. அடுத்தவன் இடத்துல நின்னு பார்க்கத் தெரிஞ்சாதான் மனுஷன்னு சொன்னார். நீங்க ரெண்டு பேரும் இடம் மாறுங்க. நாடகம் மாதிரி."

நான் மேஸ்திரி ஆனேன். வேட்டியை மடித்துக் கட்டி, மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு கையை ஆட்டினேன். கொட்டகையே சிரித்தது.

"நீலமேகம், நீ அந்த ஸ்டூல்ல உட்காரு. வின்ச்சுல இவன் என்ன செய்வானோ அதைச் செஞ்சு காட்டு."

நீலமேகம் ஸ்டூலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"குந்த மாட்டேன் சார்."

"ஏன்?"

"குந்துனா அவன மாதிரியே செஞ்சி காட்டணும்ல? என்னால ஆவாது."

"இன்னா நைனா, நான் குந்தற எடம் அவ்ளோ கலீஜா?" என்றேன்.

"அப்போ திமிருன்னு எழுதிக்கட்டுமா?" என்றார் ஆபீசர்.

"எழுதிக்க சார். திமிருதான்."

மேஸ்திரி வேலை போயிற்று. நிலக்கரி முற்றத்தில் கூடை சுமக்கப் போனான். என் தோஸ்து சுயம்பு மேஸ்திரி ஆனான்.

"போறப்ப இன்னா சொல்லிட்டுப் போறான் தெரியுமா மாமு? ஒனக்குக் கையத்தான் ஆட்டணுமாம்! இன்னா கொழுப்பு பாரேன். நான் ஒன்னிய வாயாலதான் கூப்புடுவேன்."

அன்று மாலை எல்லாருக்கும் என் செலவில் டீ.

மறுநாள் காலை அரிசிக் கப்பல். மூட்டைக்கட்டு அந்தரத்தில் தொங்கியது. வின்ச் தடதடவென்று அதிர்ந்தது. சுயம்புவின் குரலுக்காகக் காத்திருந்தேன்.

சுயம்பு என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் நின்ற ஆட்களும் என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினார்கள்.

பக்கத்து வின்ச்காரன்கூட அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்த்தான். எனக்கு மட்டும் ஒரு குரலும் கேட்கவில்லை.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் நீலமேகம் எதைச் செய்து காட்டியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.