யூனிஸுக்கு விழுந்த சீட்டு

போர்முனையில் யாருக்காக உபவாசமிருந்து ஜெபிப்பது என்று பாளையங்கோட்டைப் பெண்கள் சங்கத்தார் மாதா மாதம் சீட்டெடுப்பார்கள். இந்த மாதம் யூனிஸுக்கு விழுந்தது, குண்டு போடும் விமான வீரர்கள்.

பதினைந்து நாளாகப் பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் முழங்காலில் கிடந்தாள். "ஆண்டவரே, அந்தப் பிள்ளைகள் போன காரியத்தை முடித்துப் பத்திரமாகத் திரும்ப வேண்டும்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் இஸ்ரவேல் பத்திரிகையோடு ஓடிவந்தார்.

"யூனிஸம்மா, கர்த்தர் உங்க ஜெபத்தைக் கேட்டுட்டாரு! எதிரி சுட்டதுல நம்ம விமானத்துக்கு ஒரு இறக்கை கிழிஞ்சிட்டு. ஓட்டுதவருக்குத் தோள்ல காயம். அப்பவும் அதுல இருந்த மூணு பேரும் பின்வாங்கலையே! காரியத்தை முடிச்சிட்டுத்தான் திரும்பியிருக்காவ."

பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். யூனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்த ஊர்ல போட்டாவளாம், ஐயா?"

"துருக்கிச் சீமையில தெல்மரான்னு ஒரு ரயிலடி."

யூனிஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்துல கொட்டகை இருக்குமே... அதுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அதுவும் தரைமட்டம்."

"ஒரு குண்டையாவது போடாம திருப்பிக் கொண்டாந்திருப்பாவளா?"

"கடைசிக் குண்டு வரைக்கும் போட்டுட்டாவ! என்ன வைராக்கியம் பாத்தீயளா, இந்த அம்மாவுக்கு!" என்று உபதேசியார் பூரித்தார். "ஆமா, இன்னிக்கு சாட்சி சொல்லணும்னீயளே, என்ன விசயம்?"

யூனிஸ் வேதாகமத்துக்குள்ளிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து நீட்டினாள். பட்டாளத்துக்குப் போய் ஒரு வருஷமாகத் தகவலில்லாத அவள் புருஷன் வேதமுத்து எழுதியது. நேற்றுத்தான் வந்தது.

"உயிரோடிருக்கிறேன். கைதிகளான எங்களைத் தெல்மரா ரயிலடிக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். எனக்காக ஜெபி."