விடுபட்ட கோடு

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டியைச் செய்கிற கம்பெனி அது. பெட்டியில் எந்தப் பழுது எந்தப் பழுதில் கொண்டுபோய் விடும் என்று மென்பொருளில் கோத்துச் சரிபார்ப்பது அருள்வேலனின் வேலை. அன்று அந்தப் பெட்டியைப் பயன்படுத்தும் ஒரு மருத்துவமனையிலிருந்து நர்ஸ் பிலோமினாவை வரவழைத்திருந்தார்கள். அவன் திரையில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். குழந்தையின் தோலில் ஒட்டிய சென்சார் நழுவும். குழந்தைக்குக் குளிர்கிறதென்று நினைத்து ஹீட்டர் மேலும் சூடேற்றும். உடனே எச்சரிக்கை மணி அடித்துவிடும். கடைசிக் கட்டத்தில் விளைவு: ‘குழந்தைக்குச் சிறு அசௌகரியம்.’

“மணி அடிக்கல சார்,” என்றாள் பிலோமினா.

“சூடு ஏறினா அடிக்கணுமே சிஸ்டர்.”

“எங்க வார்டுல அன்னைக்கு அடிக்கல. நான் பக்கத்துப் பெட்டிகிட்டதான் நின்னுக்கிட்டிருந்தேன். திரும்பிப் பாக்கறப்ப குழந்தை உடம்பு கொதிச்சுக் கிடந்துச்சு. அதுக்கு அழக்கூடத் தெம்பு இல்ல சார்.”

அருள்வேலன் வரைபடத்தைப் பெரிதாக்கினான். மணிக்குச் சூட்டைச் சொல்வதும் அதே சென்சார்தான். ஹீட்டர் ஏமாந்தால் மணியும் ஏமாந்துபோகும். சென்சாரையும் மணியையும் இணைக்கும் அந்த ஒரு கோட்டை, இரண்டு வருடமாக அவன் போடவே இல்லை. இப்போது போட்டான். பழுதின் தீவிரம் பத்துக்கு ஆறு என்று இருந்ததை அழித்துப் பத்தாக்கினான். ‘சிறு அசௌகரியம்’ என்பதையும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். காலிக் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

“இங்க என்ன எழுதட்டும் சிஸ்டர்?”

பிலோமினா அந்தக் காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

“பொண்ணு சார். பேரு வைக்கறதுக்குள்ள போயிடுச்சு,” என்றாள்.