ரெண்டு கிளட்சு மாப்பிள்ளை

"கிளட்சுப் பெடலே இல்லாத காருக்கு எதுக்குப்பா ரெண்டு கிளட்சு?"

லோகநாதன் இப்படி மடக்கியதும் உள்ளே இருந்த வேலம்மா கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர்களைக் கேள்வி கேட்டே விரட்டி அடித்தவர் அவள் புருஷன். ஏரி தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்று ஒற்றைக்காலில் நிற்பவர். வந்திருக்கும் ரஞ்சித்தோ மீஞ்சூரில் வளர்ந்தவன், சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் மெக்கானிக். படகேறி, ஏரி நடுவே தீவாக இருக்கும் பசியாவரத்துக்கு வருவதே இன்றுதான் முதல் தடவை. வேலம்மாவுக்கு அவனைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அது போதுமா?

மகள் பூவிழி மட்டும் அலட்டிக்கொள்ளாமல் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் கியர்பாக்ஸு உள்ளயே இருக்கு மாமா. ஒண்ணு, மூணு, அஞ்சாவது கியரு ஒரு கிளட்சுக்கு. ரெண்டு, நாலு, ஆறு இன்னொண்ணுக்கு" என்றான் ரஞ்சித். அவன் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏன், ஒண்ணு பத்தாதா?"

"நம்ம பாடு மாதிரிதான் மாமா."

லோகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த நாளில் யார் ஏரியில் வலை போடுவது என்று ஊர் வகுத்த முறைக்குப் பெயர்தான் பாடு. வெளியூர்க்காரன் வாயில் அந்தச் சொல் வந்து அவர் கேட்டதே இல்லை.

"இன்னிக்கி ஒரு கோஷ்டி பாடு, நாளைக்கி இன்னொரு கோஷ்டி பாடு. இவங்க வலையத் தூக்கசொல்லவே அவங்க வலைய மடிச்சி படகுல வெச்சிக்கினு ரெடியா நிப்பாங்க இல்ல? ஏரி சும்மா கெடக்காது. அதே மாதிரி, ஒரு கிளட்சு ஓடசொல்லவே அடுத்த கியரப் போட்டுக்கினு இன்னொண்ணு காத்துனு இருக்கும். இது விட, அது புடிக்க. கியரு மாறசொல்ல வண்டி வேகம் கொறஞ்சி தொங்கவே தொங்காது."

"ஏ வேலம்மா, கேட்டியா? இவன் ஏரிப் புள்ளம்மே! தாம்பூலத் தட்ட எடுத்தா!" லோகநாதன் துள்ளிக் குதிக்காத குறை. "நாளைக்கி நம்ம பாடு மாப்ள. ராவு இங்கியே தங்கு. விடிஞ்சதும் என்கூட படகுல வர்ற, ஆமா!"

கை கழுவக் கொல்லைப்பக்கம் போன மாப்பிள்ளைக்குத் துண்டு எடுத்துக்கொண்டு வேலம்மா ஓடினாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கே அவன் பூவிழியிடம் கிசுகிசுப்பது கேட்டுக் கதவோரம் நின்றாள்.

"ரெண்டு வருசமா ரயில்ல நீ ஏரியப் பத்தி சொன்னதுல பாடு ஒண்ணுதான் மண்டைல நின்னுச்சி பூவு. அத்த ஒப்பிச்சிட்டேன். இப்ப படகுல கூப்புடறாரே! காலைல இங்க வரசொல்லவே படகுல நான் கண்ணத் தொறக்கல. முழங்கால் தண்ணின்னாலே எனக்கு ஒதறும்."

வேலம்மா மெல்ல வெளியே வந்தாள். இருவரும் சட்டென்று விலகி நின்றார்கள். துண்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி மகளிடம் சொன்னாள்:

"நாளைக்கி உங்க நைனாவ நான் சமாளிக்கிறேன். அடுத்த பாடு வர்றதுக்குள்ள இவருக்கு நீச்சல் கத்துக் குடுத்துடுடி."