ஜெல்லின் மேல் உட்கார்ந்த எடைக்கல்

ஓர் ஆய்வுக்கூடத்தில் பித்தளை எடைக்கல் ஒன்று இருந்தது. ஒருநாள் காலையில் அதை எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரைக் குடித்து உப்பிக் கிடந்த ஜெல் துண்டு ஒன்றின் மேல் வைத்தார்கள். ஜெல்லுக்கு உடம்பெல்லாம் பொடிப்பொடித் துளைகள். இட்லி மாதிரி மெத்தென்று இருந்தது.

"ரொம்பக் கனக்கிறேனா?" என்று எடைக்கல் கூச்சத்தோடு கேட்டது.

"அதெல்லாம் இல்லை, நல்லா உட்காரு," என்றது ஜெல். மதியம்வரை இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

பிறகு தண்ணீரைச் சூடாக்கினார்கள். ஜெல், குடித்திருந்த நீரையெல்லாம் துளைகள் வழியே விட்டுவிட்டு, பாதியாகச் சுருங்கி விறைத்துப்போனது. எடைக்கல் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது. தான்தான் நசுக்கிவிட்டோம் என்று அது பயந்துபோனது. இறங்கிவிடலாமென்றால் கால் கிடையாது.

சாயங்காலம் குளிர்ந்த நீரை ஊற்றினார்கள். ஜெல் மெல்ல மெல்ல உப்பி, எடைக்கல்லையும் சேர்த்து மேலே தூக்கியது.

"என்னாலதானே உனக்கு இப்படி ஆச்சு?" என்றது எடைக்கல்.

"உன்னால ஒண்ணுமில்லை. சூடு பட்டா நான் சுருங்கிடுவேன். அப்போ பேச்சு வராது. காது மட்டும் கேட்கும்," என்றது ஜெல்.

மறுநாளும் தண்ணீரைச் சூடாக்கினார்கள். ஜெல் சுருங்கியது. இந்தத் தடவை எடைக்கல் அதைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. தராசில் உப்பை நிறுக்கும்போது யாரோ தும்மி, உப்பெல்லாம் பறந்துபோன கதையைச் சொல்லத் தொடங்கியது. அது முடிந்ததும் இன்னொன்று சொன்னது. குளிர்ந்த நீர் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தது.